பைத்து என்னும் வீடு

வீட்டை இழந்தவன் ஆறுதல் அடையலாமா? கேட்ட மாத்திரத்தில் இவ்வினா பொருளற்றதாகத் தோன்றலாம். ஆறுதலை வேண்டாதார் உலகில் யார்? ஆயினும், பிறந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவனின் உள்ளத்தை நெருங்கிப் பார்த்தால், அங்கே இரு குரல்கள் ஓயாமல் வழக்காடுவதைக் கேட்கலாம். ‘நீ ஆறிவிட்டால், உன் வீட்டைப் பறித்தவனுக்கு நீயே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் ஆவாய், இறந்தவர்களை இரண்டாம் முறையும் புதைத்தவன் ஆவாய்’ என்கிறது ஒரு குரல். ‘நீ ஆறாவிட்டால், எஞ்சிய வாழ்வும் பாழாகும், பிள்ளைகளுக்குச் சோறூட்ட வேண்டிய கையால் நஞ்சை ஊட்டுவாய்’ என்கிறது மற்றொரு குரல். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அதனால்தான் இந்த வழக்கு தீர்வதில்லை.

இவ்வழக்கில் நெடுங்காலமாகச் சாட்சிக் கூண்டில் நிற்பது கவிதை. துயரைப் பாடுவதால் துயர் தீருமா, வளருமா? இழந்த வீட்டைப் பாடுகிறவன் அதைக் காக்கிறானா, அல்லது பாட்டோடு மனநிறைவு கொண்டு வீட்டைக் கைவிடுகிறானா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் அரபுக் கவிதையின் நெடும்பாதையில் சற்றுத் தூரம் நடந்து பார்ப்பது பயன்தரும். வீட்டை இழப்பதையே தன் முதற்பொருளாகக் கொண்டு வளர்ந்த கவிமரபு அது.

அரபு மொழியில் ‘பைத்’ என்றால் வீடு. அதே சொல் கவிதையின் ஓரடியையும் குறிக்கும். நம் ஊர்களில் திருமணத்தின்போதும் மீலாது ஊர்வலத்தின்போதும் பைத்துப் பாடுகிறோம். பாடுகிறவர்களில் பலர், தாம் வீட்டின் பெயரையே உச்சரிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்திரார். அந்த அடி இரு பாதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பாதிக்கும் ‘மிஸ்ரா’ என்று பெயர். இரட்டைக் கதவில் ஒரு கதவைக் குறிக்கும் சொல் அது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தபோது, அசைகளுக்கு இட்ட பெயர்களும் கூடாரத்திலிருந்து எடுத்தவையே. ஒருவகை அசைக்குக் கயிறு என்று பெயர். இன்னொரு வகைக்கு முளை என்று பெயர். புல்லும் நீரும் தேடி அலைந்த மக்கள், சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க ஒரே வீட்டைத் தம் நாவில் கட்டிக்கொண்டார்கள் எனலாம்.

இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்துக் கஸீதாக்கள் பெரும்பாலும் ஒரே காட்சியோடுதான் தொடங்கும். கவிஞன் பயணத்தின் நடுவே ஒட்டகத்தை நிறுத்துகிறான். முன்னொரு காலத்தில் காதலியின் குலத்தார் தங்கியிருந்த இடம் அது. இப்போது அங்கே அடுப்புக் கற்களும், கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்காலின் தடமுமே எஞ்சியுள்ளன. அவன் அழுகிறான். பிறகு பயணத்தைத் தொடர்கிறான். இம்ருல் கைஸ் முதல் லபீது வரை பெருங்கவிஞர்கள் பலரும் இப்படி நின்றவர்களே. இதில் கவனிக்க வேண்டியது, அவன் நிற்பதும் உண்மை, நகர்வதும் உண்மை என்பது. நிற்காமல் போனால் நன்றி கெட்டவன். அங்கேயே நின்றுவிட்டால் பாலையில் மாண்டு போவான். பாழிடத்தில் அழுகிற அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டுமே கவிதை அவனுக்கு இடம் தருகிறது.

இதனை எள்ளி நகையாடியவர்களும் உண்டு. அப்பாஸியர் காலத்து அபூ நுவாஸ், பாழ்பட்ட கற்களைப் பார்த்து அழும் இம்மரபைத் தம் கவிதைகளில் கேலிக்கு உள்ளாக்கினார். நகரத்து மாளிகையில் பிறந்து வளர்ந்து, பாலையையே காணாத கவிஞன் ‘என் காதலியின் கூடாரம் எங்கே’ என்று புலம்பினால் நகைப்புக்கு இடம் உண்டாகத்தான் செய்யும். அபூ நுவாஸின் கேலியை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. துயரும் ஒரு வழக்கமாகிவிடக்கூடும். சொந்த இழப்பு ஒன்றும் இல்லாதவன் பிறர் இழப்பை அணிகலனாகப் பூண்டுகொள்ளக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்வோம்.

அழுவது தகுமா என்னும் கேள்விக்கு மார்க்கம் தரும் விடை தெளிவானது. மகன் யூசுபை இழந்த யஃகூபு நபி (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டதையும் அதே அத்தியாயம் கூறுகிறது. கண் பார்வை மங்கும் அளவுக்கு அழுகையும், அழகிய பொறுமையும் ஒரே உள்ளத்தில் இருக்க இயலும் என்பது இதனால் விளங்கும். பிற்காலப் பாரசீகக் கவிஞர்கள் அந்தத் தந்தை அமர்ந்திருந்த இடத்தைத் ‘துயரக் குடில்’ என்றே அழைத்தார்கள். துயருக்கும் ஒரு வீடு வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் பச்சிளம் மகன் இப்ராஹீமின் இறுதி மூச்சின்போது கண்ணீர் உகுத்தார்கள். அருகிலிருந்த தோழர் வியந்து வினவியபோது, அது கருணையின் வெளிப்பாடு என்றே விளக்கம் தந்தார்கள். தடுக்கப்பட்டது கண்ணீரன்று; மார்பில் அறைந்து, ஆடையைக் கிழித்து, இறைவனின் தீர்ப்போடு சண்டையிடும் ஓலமே தடுக்கப்பட்டது. கண்ணீர் கருணை என்றால், கருணை எப்போதும் தன்னோடு நின்றுவிடாது. அது பிறரை நோக்கியும் பாய வேண்டும். நம் வினாவுக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

அரபுலகின் புகழ்மிக்க இரங்கற்பாக்களைப் பாடியவர் ஒரு பெண்மணி. ஸுலைம் குலத்தைச் சேர்ந்த அல் கன்ஸா அவர். அறியாமைக் காலத்துக் குலச்சண்டைகளில் முஆவியா, ஸக்ர் என்னும் இரு சகோதரர்களை இழந்தார். ஸக்ரை நினைத்து அவர் பாடிய மர்ஸியாக்கள் இன்றளவும் அரபு மாணவர் நாவில் நிற்பவை. அக்காலத்தில் பெண்கள் பாடிய இரங்கற்பாவுக்கு ஒரு வேலை இருந்தது. அது ஆடவரைப் பழிவாங்கத் தூண்டும். இன்னொரு வீட்டில் இன்னொரு பெண்ணை அழ வைக்கும் வரை அது ஓயாது. அல் கன்ஸா பின்னர் இஸ்லாத்தை ஏற்றார். ஆண்டுகள் பல கடந்தும் அவர் அழுகை நிற்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, முன்பு பழி தீராததற்காக அழுததாகவும், இப்போது சகோதரரின் மறுமை நிலையை எண்ணி அழுவதாகவும் அவர் விடை பகர்ந்தார் எனப் பழைய இலக்கிய நூல்கள் கூறும்.

இச்செய்தியில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அவர் கண்ணீர் வற்றிவிடவில்லை. சகோதரரை அவர் மறந்துவிடவும் இல்லை. முன்பு அதே கண்ணீர் ஒரு கத்தியைத் தீட்டியது. பின்பு அது இரக்கமாகி, இறந்தவருக்காகக் கவலைப்பட்டது. ஆறுதல் என்பது துயரின் அளவு குறைவதன்று, அதன் திசை மாறுவது என்று நாம் கொள்ளலாம். மருத்துவர் காயத்தை மூடுமுன் உள்ளே சீழ் இல்லை என்பதைப் பார்ப்பார். துயரின் சீழ் பழி. அது வெளியேறிய பின் தழும்பு இருக்கலாம். அவ்விடத்தில் வலியும் இருக்கலாம். அதனைக் குறை என்று எவரும் கூறார்.

ஆனால் கவிதை பாடிய எல்லாருக்கும் இந்த மாற்றம் வாய்த்ததா? இல்லை என்பதற்கு ஓர் அமீரின் வரலாறே சான்று. 750இல் அப்பாஸியர் டமாஸ்கஸில் உமையாக்களின் ஆட்சியை வீழ்த்தி, அக்குலத்தாரைத் தேடித் தேடிக் கொன்றனர். தப்பிய இளவரசர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான். வட ஆப்பிரிக்காவின் வழியே அலைந்து, 755இல் ஸ்பெயின் நாட்டை அடைந்தார். அடுத்த ஆண்டு கொர்தோபாவில் அமீரானார். அந்நகருக்கு அருகே ஒரு மாளிகைத் தோட்டம் அமைத்து, ஷாம் தேசத்தில் தம் பாட்டனார் கலீபா ஹிஷாமின் மாளிகை இருந்த ருஸாபாவின் பெயரையே அதற்கும் சூட்டினார். அங்கே வளர்ந்த ஒரு பேரீச்ச மரத்தை நோக்கி அவர் பாடியதாக வழங்கும் கவிதை அரபு இலக்கியத்தில் அழியாத இடம் பெற்றது. தம்மைப் போலவே அந்த மரமும் கிழக்கை விட்டு வந்து மேற்கில் வேரூன்றிய அந்நியன் என்று அவர் உருகினார். நாடு கிடைத்தும் வீடு கிடைக்காத ஒருவரின் ஏக்கம் அது.

அதே அமீர், தமக்கு எதிராக அப்பாஸியரின் கொடியை ஏந்திக் கிளர்ந்தெழுந்தவர்களை 763இல் முறியடித்தபின், தலைவர்களின் தலைகளை உப்பிட்டுப் பதப்படுத்திப் பகைவரிடம் அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மரத்திடம் கண்ட உறவை அவர் மனிதரிடம் காணவில்லை. ஏக்கம் தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அவர் கட்டிய பைத்து அழகிய வீடுதான். ஆனால் அதன் கதவு தோட்டத்துப் பக்கம் மட்டுமே திறந்தது.

அந்தக் கதவு மனிதரை நோக்கித் திறந்ததை நம் காலத்தில் மஹ்மூத் தர்வீஷிடம் காண்கிறோம். 1941இல் அக்கா நகருக்கு அருகிலுள்ள அல் பிர்வா என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். 1948 போரில் அவ்வூர் இஸ்ரேலியப் படையினரிடம் வீழ்ந்தபோது அவருக்கு வயது ஏழு. குடும்பம் லெபனானுக்கு ஓடியது. மறு ஆண்டு இரகசியமாகத் திரும்பி வந்து பார்க்கையில் ஊர் தரைமட்டமாகி இருந்தது. மக்கட்கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. நாட்டுக்குள் வாழ்ந்துகொண்டே, தம் நிலத்துக்கு உரிமையற்ற ‘இருந்தும் இல்லாதவர்கள்’ என்னும் விந்தையான வகையில் அவர்கள் சேர்ந்தார்கள். அண்டையிலேயே தம் ஊர் இருக்க, அங்கே குடியேற இயலாத வாழ்வு. பாழிடத்தில் நின்று அழுத பண்டைக் கவிஞனுக்காவது ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வழி இருந்தது.

தர்வீஷ் சிறை கண்டார். 1970இல் நாட்டை விட்டு வெளியேறினார். மாஸ்கோ, கெய்ரோ, பெய்ரூத், துனிஸ், பாரிஸ் என்று அவர் வாழ்ந்த நகரங்கள் நீளும். 1990களின் நடுவில் ரமல்லாவுக்கு வந்தார். 2008 ஆகஸ்டு 9இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். உடல் ரமல்லாவில் அடக்கம் செய்யப்பட்டது. இறந்த பின்னும் அவர் அல் பிர்வாவுக்குத் திரும்பவில்லை.

இவ்வளவு இழந்த ஒருவர் வெறுப்பைப் பாடியிருந்தால் எவரும் வியந்திரார். ஆனால் 1967 போருக்குப் பின், அரபுலகமே தோல்வியின் அவமானத்தில் குமைந்திருந்த நேரத்தில், அவர் எழுதிய ஒரு கவிதையில் பேசுகிறவன் ஓர் இஸ்ரேலியப் படைவீரன். போரில் சலித்து, வெள்ளை அல்லிகளைக் கனவு காண்கிறவன் அவன். பகைவனுக்கு மனித முகம் தந்ததற்காக அரபுத் தரப்பிலேயே சிலர் கவிஞரைக் கடிந்துகொண்டனர். 2002இல் ரமல்லா முற்றுகைக்குள் இருந்தபோது எழுதிய நெடுங்கவிதையிலும், வாசலில் நிற்கும் படைவீரரை நோக்கியே அவர் பேசினார். தம் உரிமையை அவர் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. அல் பிர்வா தம் ஊர் என்பதை ஒருநாளும் மறுக்கவில்லை. நீதியைக் கோருவதும், பகைவனை மனிதனாகக் காண்பதும் ஒன்றையொன்று அழிப்பவையல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். முதலில் நாம் கேட்ட இரு குரல்களுக்கும் இங்கே உடன்பாடு தோன்றுகிறது. இழப்பை மறவாமல் நஞ்சை மட்டும் மறுக்கலாம் என்பதே அவ்வுடன்பாடு.

தர்வீஷையும் பிற பலஸ்தீனக் கவிஞர்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் இலங்கைக் கவிஞர் எம். ஏ. நுஃமான். துயரின் கதவைத் திறந்து வைத்தல் என்பதற்கு அவர் சொந்தக் கவிதையிலேயே சான்று உண்டு. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தீயிட்டோரில் காவல் துறையினரும் இருந்தனர். கிழக்கிலங்கையின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நுஃமான், ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையால் அத்துயரைப் பதிவு செய்தார். கொல்லப்படுகிறவராக அவர் காட்டியது புத்தரையே. தீயிட்டவர்கள் வணங்கும் பெருமகனையே அத்தீயின் பலியாகக் கண்ட பார்வை அது. பகைவரின் தெய்வத்தைத் தூற்றாமல், ‘உங்கள் தெய்வத்தை நீங்களே கொன்றீர்கள்’ என்று இரங்கும் உள்ளம், தன் துயரையும் பிறர் துயரையும் ஒருசேரச் சுமக்கத் தெரிந்த உள்ளம்.

ஆயினும் வரலாறு கவிதையைக் கேட்டு நடப்பதில்லை. நூலகம் எரிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், 1990 அக்டோபரில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதும் ஏறத்தாழ 75,000 பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு, பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். தம் நூலகத்தை இழந்து அழுத ஒரு மக்களின் பெயராலேயே இது நடந்தது. சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 30இல், போர் நெருங்கிய நிலையில் யாழ்ப்பாணத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மழையில் வெளியேற நேர்ந்தது.

இவ்விரு தேதிகளும் ஒன்றானதைக் கண்டு, ‘பார்த்தீர்களா, பழி வந்து சேர்ந்தது’ என்று மகிழ்வாரும் இருக்கலாம். துயர் உற்றவனுக்கு வரும் சோதனைகளில் இதுவே மிகக் கடியது. மழையில் மூட்டையோடு நடந்த கிழவிக்கும், இரண்டு மணி நேரத்தில் வீட்டைத் துறந்த தாய்க்கும் கால்வலி ஒன்றே. ஒருத்தியின் வலியை மற்றொருத்தியின் வலிக்கு விலையாக எண்ணுகிறவன், தன் துயரின் வீட்டுக்குள் தானே சிறைப்பட்டவன். அவன் எத்தனை அழகிய பைத்துக்களைக் கட்டினாலும் அவற்றுக்குக் கதவில்லை. கதவில்லாத வீட்டைக் கல்லறை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, துயர்க் கவிதையின் தரத்தை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அது எவ்வளவு அழ வைக்கிறது என்பது அளவன்று. யாருக்காகவும் அழ இடம் விடுகிறதா என்பதே அளவு. இழந்தவனுக்குக் கவிதை நிலத்தை மீட்டுத் தராது. அதற்கு நீதிமன்றமும் அரசியலும் போராட்டமும் வேண்டும். அந்த வேலையைக் கவிதை செய்துவிட்டதாக எண்ணி ஓய்ந்திருப்பது பிழை. ஆனால் நிலம் மீளும் நாள்வரை, ஒருவன் மனிதனாகவே இருந்து காத்திருக்க ஒரு கூரையை அது தருகிறது. மீண்டும் வீடு கிடைக்கிற நாளில், அதில் குடியேறத் தகுதியான உள்ளத்தையும் அது காத்து வைக்கிறது. இதற்கு மேற்பட்ட ஆறுதலைக் கவிதையிடம் கேட்பது அடாது. இதற்குக் குறைந்ததைக் கவிஞனிடம் ஏற்பதும் தகாது.

இறுதியாக, இழக்காதவர்களாகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். பலஸ்தீனக் கவிதை எதுவாயினும் அதைக் கண்மூடிப் புகழ்ந்த அரபுத் திறனாய்வாளர்களை நோக்கி, இளைஞராக இருந்தபோதே தர்வீஷ் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கொடிய அன்பிலிருந்து தம்மைக் காப்பாற்றும்படி அதன் தலைப்பிலேயே வேண்டிக்கொண்டார். அந்த அன்பு நம்மிடமும் உண்டு. தொலைதூரத்து அகதியின் கவிதையைக் கேட்டு நாம் விம்முகிறோம். 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கை அகதிகள் நம் மாவட்டங்களிலேயே முகாம்களில் பிள்ளை பெற்று, பேரன் கண்டார்கள். அம்முகாம்களுக்கு 2021இல்தான் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. மியன்மாரை விட்டு ஓடிவந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில், புயலுக்கு ஒதுங்கக் கட்டிய ஒரு கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அவர்களுள் ஒருவர் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், ‘எந்த ஊர், யார் பிணை, எத்தனை பேர்’ என்று கேட்டு நிறுத்தும் நாவு, கவிதைக்கு உருகிய அதே நாவுதான்.

அபூ நுவாஸ் இதைக் கண்டிருந்தால் மீண்டும் சிரித்திருப்பார். அச்சிரிப்புக்கு இடம் தராதிருப்பது நம் கையில் இருக்கிறது. பைத்தைப் பாடி முடித்து எழும்போது, நம் வாசற்கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.